கிண்ணத்தின் அடிப்புறம்

மரத்திற் கடைந்த கிண்ணமொன்றைக் கையிற் கொடுத்தால் நாம் முதலிற் பார்ப்பது அதன் வாயையும் வயிற்றையுமே. விளிம்பின் வட்டத்தை விரலால் தடவிப் பார்ப்போம். மரத்தின் இரேகைகள் வளைந்தோடும் அழகைப் புகழ்வோம். பின்பு இருந்த இடத்திலே வைத்துவிடுவோம். தொழில் தெரிந்தவர் அவ்வாறு செய்வதில்லை. கிண்ணம் கைக்கு வந்ததும் அவர் அதைக் கவிழ்த்து அடியைப் பார்க்கிறார். கிண்ணம் எவ்வகைப் பொறியிலே சுழன்றது, அதைச் சுழற்றியது காலா, கூலிக்கு அமர்த்திய ஆளா, நீராவியா, மின்சாரமா என்பவற்றையெல்லாம் அவர் அங்கேதான் படிக்கிறார். அரசர்களின் பட்டியலை மனப்பாடம் செய்வித்துப் பழகிய நாம், அடிப்புறத்தைப் பார்த்து வரலாறு படிக்கும் இந்தப் பழக்கத்தைக் கடைசற்காரரிடம் கற்றுக்கொள்ளலாம்.

அடிப்புறத்திலே அப்படி என்ன இருக்கிறது? கடைதற்றொழிலின் முதன்மையான சிக்கல் இருக்கிறது. சுழலும் பொருளை எங்கேயாவது பிடித்திருக்கவேண்டும். பிடித்த இடத்தில் உளி செல்லாது. கிண்ணத்தின் வெளிப்புறத்தைக் கடையலாம், உட்புறத்தைக் குடையலாம். ஆனால் பொறி எந்த இடத்தைப் பற்றிக்கொண்டிருக்கிறதோ அந்த இடம் மட்டும் கரடாகவே எஞ்சும். பிடித்த கையைத் தானே எப்படிக் கழுவுவது என்பது போன்ற சங்கடம் இது. அதற்கு ஒவ்வொரு காலத்து மனிதரும் ஒவ்வொரு விடை கண்டனர். அந்த விடைகள் உழைப்பின் வரலாற்றிலிருந்து பிரிக்கக்கூடியன அல்ல.

தமிழிலே ‘கடைதல்’ என்ற சொல்லைச் சற்று நின்று நோக்குவோம். தயிரைக் கடைகிறோம், மரத்தைக் கடைகிறோம், தீயையும் கடைந்தே எடுத்தனர் நம் முன்னோர். தீக்கடைகோலை ஞெலிகோல் எனச் சங்க நூல்கள் குறிக்கின்றன. வெண்ணெய், நெருப்பு, மரப்பாத்திரம் ஆகிய மூன்றும் ஒரு சொல்லின் கீழ் வருவது தற்செயலன்று. கோலொன்றிலே கயிற்றைச் சுற்றி, அதன் இரு தலைப்பையும் மாறிமாறி இழுத்தால், கோல் ஒருமுறை இப்புறமும் மறுமுறை அப்புறமும் சுழலும். மத்து அப்படித்தான் சுழல்கிறது. ஆதிக் கடைசற்பொறியும் அப்படித்தான் சுழன்றது. மந்தரமலையை மத்தாக நாட்டி வாசுகியைக் கயிறாகச் சுற்றிப் பாற்கடலைக் கடைந்த கதையைக் கற்பனை செய்தவர்கள், அன்றாடம் முற்றத்திலும் பட்டறையிலும் கண்ட தொழிலையே வானளவுக்குப் பெருப்பித்தார்கள். இழுத்தவர்களில் ஒரு பாதியினருக்கு அமுதம் கிடைக்கவில்லை என்பதையும் அக்கதை மறைக்கவில்லை!

கடைசற்பொறியின் மிகப் பழைய படங்களுள் ஒன்று எகிப்திலே, தூனா எல் கெபல் என்னுமிடத்திலுள்ள பெதொசிரிஸ் என்ற குருவின் கல்லறைச் சுவரிலே காணப்படுகிறது. அது ஏறக்குறைய கி.மு. 300ஆம் ஆண்டளவைச் சேர்ந்தது. அதிலே இருவர் எதிரெதிரே அமர்ந்திருக்கின்றனர். ஒருவன் வாரை இழுத்து மரத்தைச் சுழற்றுகிறான். மற்றவன் உளியைப் பிடித்திருக்கிறான். கல்லறைக்கு உரியவனின் பெயர் நமக்குத் தெரியும். உளி பிடித்தவனின் பெயரோ வார் இழுத்தவனின் பெயரோ தெரியாது. கடைதல் தொடக்கத்தில் இருவர் வேலையாக இருந்தது என்பதும், அவ்விருவருள் ஒருவனுடைய பங்கு வெறும் இழுவையாகவே இருந்தது என்பதும் அந்தச் சுவரிலே தெளிவாகத் தெரிகின்றன. இந்தியாவிலே தரையில் அமர்ந்து, ஒரு கையால் வில்லைத் தள்ளி இழுத்து, மறு கையாலும் கால்விரலாலும் உளியைப் பிடித்துக் கடைந்த தொழிலாளர், அந்த இரண்டாவது ஆளைத் தம் உடம்புக்குள்ளேயே அடக்கிக்கொண்டவர்கள் எனலாம்.

ஐரோப்பாவிலே அந்த இரண்டாவது ஆளின் இடத்தை ஒரு மரக்கொம்பு எடுத்துக்கொண்டது. வளைந்து நிமிரும் இளமரத் தடியொன்றைத் தலைக்கு மேலே கட்டி, அதன் நுனியிலிருந்து கயிற்றை இறக்கி, கடையப்படும் பொருளைச் சுற்றி, கீழே மிதிகட்டையிலே முடிவார்கள். காலால் மிதித்தால் மரம் கடைசற்காரரை நோக்கிச் சுழலும். அப்பொழுது உளி வெட்டும். காலை எடுத்தால் மேலேயுள்ள தடி நிமிர்ந்து கயிற்றை இழுத்துக்கொள்ளும். மரம் எதிர்ப்புறமாகச் சுழலும். அப்பொழுது உளி சும்மா இருக்கும். நேரத்திற் பாதி வெட்டு, பாதி மீட்சி. இந்த எளிய பொறியே பல நூற்றாண்டுகளாக ஐரோப்பிய மக்களின் சாப்பாட்டுப் பாத்திரத்தைச் செய்துகொடுத்தது.

இப்பொறியிலே கிண்ணத்தைப் பிடிக்கும் முறையை விளங்கிக்கொள்வது அவசியம். பாதியாகப் பிளந்த பச்சை மரக்குற்றியைக் கோடரியால் உருட்டாகச் செதுக்கிய பின், கூரிய ஆணிகள் பொருத்திய சிறு உருளையொன்றை அதன் முகத்திலே, அதாவது பின்னர் கிண்ணத்தின் உட்புறமாகப் போகும் பக்கத்திலே, அடித்து இறுக்குவார்கள். கயிறு சுற்றுவது இந்த உருளையின் மேல்தான். உருளையின் வெளித்தலை ஒரு முனையிலும், கிண்ணத்தின் அடி எதிர்முனையிலும் தாங்கி நிற்கும். எனவே அடிப்புறம் ஏறக்குறைய முழுவதும் திறந்தே கிடக்கிறது; எதிர்முனை குத்திய ஒரு சிறு புள்ளி மட்டுமே எட்டாத இடம். வெளிப்புறத்தையும் அடியையும் கடைந்து முடித்தபின், கொளுக்கி போல் வளைந்த உளியால் உட்புறத்தைக் குடைவார்கள். நடுவிலே உருளையைத் தாங்கிக்கொண்டு ஒரு மரத்தண்டு எஞ்சும். அது மெலிந்து மெலிந்து கழுத்தளவு ஆனதும் கிண்ணத்தைப் பொறியினின்றும் கழற்றி, தண்டை முறித்து எறிந்து, முறிந்த இடத்தைக் கத்தியால் வழித்துவிடுவார்கள். ஆகவே மிதிபொறிக் கிண்ணத்தின் கரடான இடம் அடியிலன்று, உட்புறத்தின் நடுவிலே இருக்கும். அங்கே பொறியின் வட்டக் கோடுகள் நின்று, கத்தியின் தட்டையான வெட்டுகள் தொடங்கும். அந்தச் சிறு இடத்தை இருபுறமும் தடவிப் பார்த்தே இன்றைய ஆராய்ச்சியாளர் ஒரு பாத்திரத்தின் தொழின்முறையைச் சொல்லிவிடுகின்றனர்.

முறித்தெறிந்த தண்டுகளும் வீணாகவில்லை. இங்கிலாந்திலே யோர்க் நகரில் கொப்பர்கேற் என்றொரு தெரு உண்டு. ஸ்கந்திநேவியரின் பழைய மொழியிலே ‘கொப்பரி’ என்பது கிண்ணம் கடைபவரையும் ‘காத்தா’ என்பது தெருவையும் குறிக்கும். கிண்ணக்காரர் தெரு என்பதே அப்பெயரின் பொருள். 1976 முதல் 1981 வரை அங்கே நடந்த அகழ்வாராய்ச்சியில், ஈரமண்ணிலே அழியாது கிடந்த கிண்ணங்களும் குவளைகளும், அவற்றோடு கடைசற்காரர் வீசியெறிந்த நடுத்தண்டுகளும் வெளிவந்தன. வைக்கிங்குகள் என்றால் கொள்ளையும் வாளும் என்றே நம் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. அவர்கள் குடியேறிய நகரத்தின் தெருவொன்றுக்குப் பெயரைக் கொடுத்ததோ கிண்ணம் கடைந்தவர்களின் தொழில். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தப் பெயர் தெருமுனையிலே நிற்கிறது.

அடிப்புறத்தை அதிகாரமும் ஒரு காலத்திலே கண்டுகொண்டது. இலண்டனிலே மதுவும் தானியமும் அளக்கும் மர அளவைகளைச் செய்தவர்கள் கடைசற்காரரே. கள்ள அளவைகள் பெருகவே, 1347ஆம் ஆண்டு நகரத் தலைவர், ஒவ்வொரு கடைசற்காரரும் தமக்கெனத் தனி முத்திரை வைத்திருந்து, தாம் செய்யும் அளவையின் அடியிலே அதைப் பொறிக்கவேண்டும் என்று கட்டளையிட்டார். பெயரற்ற தொழிலாளி தன் பெயருக்கு ஈடான குறியொன்றைத் தன் பொருளிலே இடும் உரிமை இவ்வாறு கிடைத்தது. உரிமை என்றா சொன்னோம்? குற்றம் நடந்தால் ஆளைப் பிடிப்பதற்காகவே அந்தக் குறி. அளவையிலே கள்ளம் செய்து இலாபமடைந்த வியாபாரியின் முத்திரையை அடியிலே பொறிக்கும்படி கட்டளை பிறந்ததா என்று கேட்கத் தோன்றுகிறது. இலண்டன் கடைசற்காரர் சங்கம் அரச சாசனம் பெற்றது 1604ஆம் ஆண்டிலேதான்.

மரக்கிண்ணத்திலே உண்டவர் யார், உண்ணாதவர் யார் என்பதற்குக் கடலடியிலிருந்து ஒரு சான்று கிடைத்தது. எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பலான ‘மேரி றோஸ்’ 1545 யூலை 19ஆம் நாள், பிரெஞ்சுக் கப்பற்படையுடன் நடந்த சண்டையின்போது போட்ஸ்மத்துக்கு அருகே மூழ்கியது. 1982இலே அதன் உடலம் மேலே தூக்கப்பட்டது. சேற்றிலே புதைந்திருந்த பொருள்களுள் கடைந்தெடுத்த மரக்கிண்ணங்களும் தட்டங்களும் ஏராளம். அதிகாரிகளின் பாத்திரங்கள் வெள்ளீயக் கலவையாலானவை, மாலுமியினுடையவை மரம். மரப்பாத்திரங்கள் பலவற்றிலே கத்தி நுனியாற் கீறிய அடையாளங்கள் உள்ளன. எழுத்தறியாத மாலுமி, ஒரே மாதிரியான நூறு கிண்ணங்களிலே தன்னுடையதை இனங்காணக் கீறிக்கொண்ட கோடுகள் அவை. அரசனின் முத்திரை பொறித்த பாத்திரமும் அவற்றுள் உண்டு. மூழ்கியவர்களில் மிகப் பெரும்பாலோரின் பெயர்கள் நமக்கு எட்டவில்லை. அவர்கள் கீறிய கோடுகள் எட்டியிருக்கின்றன.

செல்வர்களும் கடைந்தார்கள் என்பதை இங்கே சொல்லாமல் விடுவது நியாயமாகாது. பதினாறாம் நூற்றாண்டு முதல் ஐரோப்பிய அரண்மனைகளிலே கடைதல் பிரபுக்களின் பொழுதுபோக்காயிற்று. உருசியச் சக்கரவர்த்தி பீற்றர் இதிலே பெரும் மோகம் கொண்டவர். அந்திரே நார்த்தோவ் என்ற அறிஞர் அவருக்காக அற்புதமான பொறிகளை அமைத்துக் கொடுத்தார். தந்தத்திலே பூப்பின்னல் போன்ற உருக்களைக் கடைவதற்கான முறைகளை விளக்கும் முதற் பெருநூலை 1701இலே பிரான்சிலே வெளியிட்டவர் சாள்ஸ் புளூமியே என்ற துறவி. அவர் தாவரவியலாளரும் ஆவார். எங்கள் கோயில் வீதிகளிலே உதிர்ந்து கிடக்கும் ஈழத்தலரிக்கு ‘புளூமேரியா’ என்ற விஞ்ஞானப் பெயர் வந்தது அவர் நினைவாகவே. வேடிக்கையான தொடர்புதான். ஆயினும் அரண்மனைப் பொறிகளை வெறும் விளையாட்டு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. உளியைக் கையாற் பிடியாமல் பொறியே பிடித்து நடத்தும் எண்ணம் அங்கேதான் வளர்ந்தது.

அந்த எண்ணம் பட்டறைக்கு இறங்கி வந்தபோது உலகம் மாறியது. பன்னிரண்டு வயதிலே ஊலிச் ஆயுதசாலையில் வேலைக்குச் சேர்ந்த ஹென்றி மோட்ஸ்லி, 1800ஆம் ஆண்டையொட்டி, நகர்ந்து செல்லும் உளித்தாங்கியைக் கொண்ட உலோகக் கடைசற்பொறியைச் செம்மைப்படுத்தினார். மார்க்ஸ் 1867இல் வெளியிட்ட ‘மூலதனம்’ முதற் பாகத்திலே இந்த உளித்தாங்கியைத் தனியே எடுத்துப் பேசுகிறார். அது ஒரு குறிப்பிட்ட கருவியின் இடத்தையன்று, மனிதனின் கையின் இடத்தையே பிடித்தது என்பது அவர் காட்டும் உண்மை. மாணவர்க்குக் கைத்தொழிற் புரட்சியைப் படிப்பிக்கையில் நீராவி எஞ்சினைப் பற்றி ஒரு மணி நேரம் பேசும் நாம், இந்த உளித்தாங்கிக்கு ஐந்து நிமிடமாவது ஒதுக்கவேண்டும். போட்ஸ்மத் துறைமுகத்திலே கப்பற் கப்பிகள் செய்வதற்காக மார்க் புரூனல் வகுத்து மோட்ஸ்லி அமைத்த பொறிகள் வந்தபின், 110 கைதேர்ந்த தொழிலாளர் செய்த வேலையைப் பழக்கமற்ற 10 பேர் செய்தனர் என்று கணக்குச் சொல்வார்கள். மீதி நூறு பேரும் எங்கே போனார்கள் என்று அந்தக் கணக்கைச் சொல்பவர்கள் வழமையாகச் சொல்வதில்லை.

இனி, நம் கிண்ணத்துக்குத் திரும்புவோம். சக்கரத்தாலும் பின்பு நீராவியாலும் மின்சாரத்தாலும் ஒரே திசையில் இடைவிடாது சுழலும் பொறி வந்தபோது, கிண்ணத்தை இரு முனைகளுக்கிடையே பிடிக்கவேண்டிய தேவை நீங்கியது. ஓர் இரும்பு முகத்தட்டிலே அடியைத் திருகாணிகளால் இறுக்கிவிட்டால் உட்புறம் முழுவதும் திறந்துவிடும். நடுத்தண்டு வேண்டாம், முறிக்கவும் வேண்டாம். வேகமும் பெருகிற்று. ஆனால் சங்கடம் உள்ளிருந்து அடிக்கு இடம் மாறிற்று. முகத்தட்டிலே ஒட்டியிருக்கும் அடியைக் கடைவது எப்படி? கிண்ணம் முடிந்து கழன்று வரும்போது அடியிலே திருகாணித் துளைகள் பல்லிளிக்கும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்திலே பலர் துளைகளை அடைத்து, மேலே பச்சைக் கம்பளித்துணி வெட்டி ஒட்டிவிட்டனர். மேசையைக் கீறாது என்பது அதற்குச் சொன்ன காரணம். வேறு சிலர், வேண்டாத மரத்துண்டொன்றுக்கும் கிண்ணத்துக்கும் இடையே கடதாசி வைத்துப் பசையால் ஒட்டிக் கடைந்து, முடிந்ததும் உளியை அந்த இணைப்பிலே வைத்து ஒரு தட்டுத் தட்டிப் பிரித்தனர்.

கைத்திறன் உடையவரின் வழி வேறு. முகத்தட்டிலே தடித்த பலகையொன்றை இறுக்கி, அதிலே கிண்ணத்தின் வாயளவுக்குச் சரியாக ஒரு வட்டப் பள்ளத்தைக் கடைவார். பின்பு முடிந்த கிண்ணத்தைக் கவிழ்த்து, விளிம்பை அந்தப் பள்ளத்திலே அழுத்திப் பொருத்துவார். இப்பொழுது அடி கடைசற்காரரை நோக்கி நிற்கிறது. பள்ளம் மயிரிழை இறுகினால் விளிம்பு வெடிக்கும். மயிரிழை தளர்ந்தால் கிண்ணம் பறந்து போய்ச் சுவரில் மோதும். உளிக்குச் சொல்லிக்கொடுக்கலாம், இந்த இறுக்கத்தை விரல்தான் அறியவேண்டும். எதிர்முனையைச் சிறு மரக்கட்டையோடு அடியின் நடுவிலே ஊன்றிக்கொண்டு, சுற்றிலும் மெல்லக் கடைந்து, அடியைச் சற்று உட்குழிவாக ஆக்குவார். உட்குழிவு அலங்காரத்துக்காகவன்று. மரம் காய்கையிலே எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. ஆண்டு வளையத்தின் வழியான சுருக்கம், வளையத்துக்குக் குறுக்கான சுருக்கத்தைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. தட்டையாக விட்ட அடி நாளடைவிலே புடைத்து, கிண்ணம் மேசையிலே தள்ளாடும். குழிந்த அடி தன் விளிம்பு வளையத்திலே நிலையாக உட்காரும். கடைசியிலே எதிர்முனை ஊன்றியிருந்த இடத்திலே ஒரு சிறு முளை எஞ்சும். அதைப் பொறியாலே கடைய முடியாது. கிண்ணத்தைக் கழற்றி மடியிலே வைத்து, கையுளியாற் சீவியெடுக்கவேண்டும்.

1980களிலே நான்கு தாடைகள் விரிந்து சுருங்கும் உருக்குப் பிடிகருவிகள் மரக்கடைசலுக்கென்றே விற்பனைக்கு வந்தன. பின்பு காற்றை உறிஞ்சி, வெற்றிடத்தின் வலிமையாலே கிண்ணத்தைப் பற்றிக்கொள்ளும் முறையும் பரவிற்று. அந்தக் கடைசி முளைகூட இப்பொழுது பொறியிலேயே மறைகிறது. அடிப்புறத்திலே எந்த எழுத்தும் எஞ்சுவதில்லை.

இதை எழுதுவதாற் பழமைக்கு இரங்கும் கூட்டத்தோடு நாமும் சேர்ந்துவிட்டோம் என்று எவரும் எண்ணவேண்டாம். மிதிபொறியிலே கிண்ணம் கடைவதைச் சீவனோபாயமாகக் கொண்டிருந்த கடைசி ஆங்கிலேயராகக் கருதப்படுபவர் ஜோர்ஜ் லெயிலி. பார்க்ஷயரிலே பக்கில்பெரி என்னும் ஊரின் பொதுநிலத்தருகே சிறு குடிலிலே தொழில் செய்தவர். ஒரே இலம் மரக்குற்றியிலிருந்து, ஒன்றினுள் ஒன்றாக அடங்கும் பல கிண்ணங்களை வளைந்த உளிகளாற் கடைந்தெடுக்கும் வித்தை அவருக்குக் குலவித்தையாக வந்தது. எச். வி. மோட்டன் 1927இல் வெளியிட்ட இங்கிலாந்துப் பயண நூலிலே அவரைப் பற்றி எழுதியபின், பட்டணத்தார் பலர் அவரைத் தேடிச் சென்றனர். பணத்தாசை அற்ற ஞானி என்று அவரைப் போற்றினர். போற்றியவர்கள் காரிலே திரும்பிப் போனார்கள். அவர் மறுபடி மிதிகட்டையிலே காலை வைத்தார். மலிவான மட்பாண்டம் மரப்பாத்திரத்தை ஏழையின் வீட்டிலிருந்து அகற்றி நெடுங்காலமாகியிருந்தது. அவருடைய கிண்ணங்களை வாங்கியவர்கள் அழகுப் பொருளாகவே வாங்கினர். 1958இலே அவர் இறந்தார். தொழிலைத் தொடர அவருக்குப் பின் ஒருவரும் இல்லை.

எங்கள் நாட்டுக் கடைசலைப் பற்றியும் இதே எச்சரிக்கை தேவை. கொழும்பிலே பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1908இலே வெளியிட்ட ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் நூலை, வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய கையச்சிலேயே இங்கிலாந்துக் கிராமமொன்றிலே அச்சிட்டார். சுழலும் மரத்திலே அரக்குக் கோலை அழுத்தி, உராய்வின் சூட்டிலே அது உருகிப் படிய, ஓலையால் தேய்த்து மெருகேற்றும் எங்கள் நாட்டுத் தொழிலாளரின் திறமைக்கு உலக அறிஞர் கண்திறந்ததிலே அவருக்கு உள்ள பங்கை எவரும் மறுக்கமுடியாது. அந்த உழைப்பின் பெருமையைக் கண்ட அவர், அதன் அடிப்புறத்திலே இருந்த சாதிக் கட்டுப்பாட்டையும் இராசகாரியக் கடமையையும் வேண்டிய அளவு கடுமையாக நோக்கினார் என்று நாம் கருதவில்லை. பிறந்த குலத்தால் உளியைப் பிடித்தவனுக்கு, உளியைக் கீழே வைக்கும் சுதந்திரம் இருக்கவில்லை. எங்கள் பேச்சிலும் ‘கடைந்தெடுத்த’ என்ற அடைமொழி அயோக்கியனுக்கும் முட்டாளுக்குமே பயன்படுகிறது. மிகச் செம்மையாக முடித்தது என்ற கருத்திலே பிறந்திருக்கவேண்டிய சொல் ஏச்சாக மாறியதற்கு, தொழிலை இழிவாக நோக்கிய சமுதாயமும் காரணமாயிருக்கலாம்.

லெயிலியின் பொறியும் உளிகளும் றெடிங் நகரிலுள்ள ஆங்கிலக் கிராம வாழ்வு அருங்காட்சியகத்திற்குச் சென்றன. பல ஆண்டுகள் அவை காட்சிப் பொருளாகவே கிடந்தன. 1990களிலே றொபின் வுட் என்பவர் அந்த உளிகளை ஆராய்ந்தார். அத்தகைய உளி கடையிற் கிடைக்காததால், தாமே கொல்லுத்தொழில் பழகி, இரும்பைக் காய்ச்சி வளைத்து உளி செய்துகொண்டு, மிதிபொறியிலே கிண்ணம் கடையத் தொடங்கினார். அவரிடமிருந்தும் அவர் 2005இல் எழுதிய நூலிலிருந்தும் இத்தொழிலைக் கற்றுக்கொண்டவர்கள் இன்று பல நாடுகளில் இருக்கின்றனர். எவரும் அவர்களை இதிலே பிறக்க வைக்கவில்லை; அவர்களாகவே தேர்ந்துகொண்டார்கள். அவர்கள் கிண்ணத்தைப் பொறியிலிருந்து கழற்றி, நடுத்தண்டை முறித்து, உட்புறத்தின் நடுவைக் கத்தியால் வழிக்கிறார்கள். பின்பு கவிழ்த்து, எதிர்முனை குத்திய புள்ளி இருந்த இடத்தையும் நாலைந்து வெட்டிலே சீவிவிடுகிறார்கள். அந்த வெட்டுகளின் மேல் அவர்கள் மணற்றாள் போடுவதில்லை.